தார்சு ஒழுகுகிறது என்றேன், தார்சாவைப் பிரித்தார்கள்

2023 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் கோபிசெட்டிபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள ஒரு கொத்தனாரிடம் தொலைபேசியில் மூன்று வாக்கியங்கள் பேசினேன். "தார்சு ஒழுகுதுங்க. ஓட்டை அடைச்சிருக்கும்போல இருக்குதுங்க. பாத்துச் சரி பண்ணிப் போடுங்க." இந்த மூன்று வாக்கியங்களின் விலை கடைசியில் 55,700 ரூபாய் ஆயிற்று. அதோடு ஐந்தரை மாத அலைச்சலும், சமையலறைக் கூரையின் பூச்சில் பாதியும், பக்கத்து வீட்டுக்காரரின் நல்லெண்ணமும் போயின. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு தாமிரபரணிக் கரைப் பக்கம் போய் இருக்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசையில், முந்தைய ஆண்டு அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தேன். முன்பாதி மங்களூர் ஓடு வேய்ந்தது. பின்பாதி பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் தளம், சுமார் 600 சதுர அடி. அந்தத் தளத்துக்குக் கீழேதான் சமையலறை. தளத்தில் மழைநீர் வெளியேற இரண்டு துளைகள் இருந்தன. ஒன்றைப் பழைய உரிமையாளர்கள் குளியலறை கட்டும்போது மறைத்துவிட்டார்கள். மற்றொன்று இலையும் சாந்தும் அடைத்துக் கிடந்தது. ஆகஸ்டில் பெய்த ஒரு சிறு மழைக்கே சமையலறைக் கூரையில் ஈரத்திட்டு தெரிந்தது என்று சாவி வைத்திருந்தவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட தளத்துக்குத் தார்சு என்று பெயர். 'தார்சு வீடு' என்றால் கோபியிலும் ஈரோட்டிலும் எந்தக் கட்டட ஆளும் மேலே அண்ணாந்து பார்ப்பார். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இயல்பானது என்றால், அதற்கு ஓர் எல்லை உண்டு என்ற நினைப்பே அதுவரை எனக்கு வந்ததில்லை.

கொத்தனார் "தார்சாவா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்து இழுவை அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, ஆமாம் என்றேன். "அப்போ ஓட்டைப் பூரா எடுத்துப் பாத்தாத்தான் சார் தெரியும்" என்றார். எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. அடைபட்ட ஓட்டையைப் பூராவும் தூர்வாரப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது ஓடு என்ற சொல்லின் இரண்டாம் வேற்றுமை. நான் கேட்டது துவாரம். எழுத்தில்கூட இரண்டும் 'ஓட்டை'தான் என்னும்போது, தொலைபேசியில் பிரித்தறிய வழியே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையைத் தாண்டியதும் வரும் முன்கூடத்துக்குத் தார்சா என்று பெயர் என்பதும், என் வீட்டில் ஓடு வேய்ந்திருந்தது சரியாக அந்தப் பகுதிதான் என்பதும் எனக்கு மூன்று மாதம் கழித்துத் தெரிந்தன.

அவர் வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. தார்சாவின் ஓடுகளை இறக்கி, ஓடுகளைத் தாங்கும் மரச்சட்டங்களான ரீப்பர்களில் உளுத்தவற்றை மாற்றி, உடைந்த ஓடுகளுக்குப் பதில் புதியவற்றை வைத்து, முகட்டு ஓடுகளைச் சிமெண்ட் வைத்துப் பூசி ஒன்பது நாளில் முடித்தார். 23,400 ரூபாய் ஆயிற்று. பணத்தை அனுப்பிவிட்டு, தொல்லை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன். வேலை தொடங்குமுன் ஒரு படம், நடக்கும்போது ஒரு படம், முடிந்த பின் ஒரு படம் என்று கேட்டு வாங்கியிருந்தால் முதல் படத்திலேயே விஷயம் வெளிப்பட்டிருக்கும். தெரியாத ஊரில் ஆள் வைத்து வேலை வாங்குவோர் முன்பணம் அனுப்புவதற்கு முன்பே "எந்த இடத்தில் கை வைக்கப் போகிறீர்களோ அந்த இடத்தில் ஒருவரை நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது. அது அவநம்பிக்கை ஆகாது. நான் சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவாரோ என்று கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்துக்குத்தான் 23,400.

இரண்டாவது தவற்றில் கூச்சம்கூட இல்லை, கர்வம்தான் இருந்தது. ஓடு மாற்றும்போது, கூரையின் தாழ்ந்த விளிம்பான இறவாணத்தின் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்த பழைய தகரம் துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டதால், புதிதாகச் செய்வதற்குச் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தகர வேலைக்காரரைக் கொத்தனார் அழைத்து வந்திருக்கிறார். அவர் ஒரு தாளில் மதிப்பீடு எழுதி அனுப்பினார். அதில் முதல் வரி: 'பாத்தி 38 அடி, அடிக்கு 350 ரூபாய், மொத்தம் 13,300.' நான் வாய்க்கால் பாசன விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். எனக்குப் பாத்தி என்றால் கீரைப் பாத்தி, நாற்றுப் பாத்தி. வீட்டு வேலையோடு தோட்ட வேலையையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, "எனக்குப் பாத்தி வேண்டாம். செடி கொடி வைப்பதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதி அனுப்பினேன். ஏமாற்று வேலையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் அன்று மாலை நண்பர்களிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அந்தத் தகர வேலைக்காரர் கேரளத்தில் தொழில் கற்றவர். மலையாளத்தில் பாத்தி என்றால் கூரையின் விளிம்பில் மழைநீரை ஏந்திக் கொண்டுபோகும் நீண்ட தொட்டில் போன்ற அமைப்பு. செங்கோட்டை 1956 நவம்பரில் மாநில எல்லைகள் திருத்தப்படும் வரை திருவிதாங்கூர் – கொச்சியைச் சேர்ந்திருந்தது; எல்லையை மாற்றி வரைந்ததும் சொற்களும் மாறிவிடுமா என்ன? என் பதிலைப் படித்துவிட்டு, செடிக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் குழம்பியிருக்கிறார்; ஆனாலும் 'வேண்டாம்' என்ற சொல் மட்டும் தெளிவாக இருந்ததால் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். பழைய தகரத்தை ஏற்கெனவே கழற்றிப் போட்டாயிற்று. ஆக, அக்டோபர் தொடங்கும்போது என் வீட்டின் நிலை இது: ஒழுகாத முன்பாதிக்குப் புது ஓடு, ஒழுகும் பின்பாதியில் அதே அடைப்பு, முன்பாதியின் கூரைத் தண்ணீரை ஏந்த எதுவுமில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கவிருந்தது.

மதிப்பீட்டுத் தாளில் புரியாத சொல்லை அடிப்பதற்கு முன் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதை இப்போது யாரிடமும் சொல்வேன். அதைவிட முக்கியமாக, புரிந்ததாக நாம் நினைக்கும் சொல்லைப் பற்றித்தான் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். 'ஓவு' என்றோ 'இறப்பு' என்றோ எழுதியிருந்தால் நிச்சயமாகக் கேட்டிருப்பேன், ஏனென்றால் எனக்கு அவை விளங்கியிருக்காது. பாத்தி எனக்கு நன்றாகத் தெரிந்த சொல்லாக இருந்ததுதான் ஆபத்தாகிவிட்டது. கேட்கிற கேள்வியும் "அப்படி என்றால் என்ன?" என்று இருந்தால் போதாது, அதற்கு அவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்வார். "இதை எங்கே பொருத்துவீர்கள், எந்தப் பொருளில் செய்வீர்கள், தண்ணீர் இதில் எங்கிருந்து வந்து எங்கே போகும்?" என்ற மூன்றையும் கேட்டால் எந்த வட்டாரச் சொல்லும் தன் முகத்தைக் காட்டிவிடும்.

அக்டோபரும் நவம்பரும் பெரிய சேதமில்லாமல் கழிந்தன. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, தென் மாவட்டங்களில் பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானதையும், ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு ரயில் நின்றுபோனதையும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு, கோபியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மகள் வெளிநாட்டில் பிரசவத்துக்குக் காத்திருந்ததால் மனைவி அங்கே இருந்தார். அம்பாசமுத்திரத்துக்கு ஒரு தொலைபேசியும் போகவில்லை. ஆறு வீடு வரை வருமா என்பதுதான் அப்போது என் பயமே தவிர, கூரையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அதைத்தான் பணம் கொடுத்துச் சரி செய்தாயிற்றே. 20ஆம் தேதி எதிர்வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு வரவில்லை, அடுக்களைக்குள் தண்ணீர் நிற்கிறது என்றார்கள்.

22ஆம் தேதி போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. தளத்தின் கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில், சுற்றிலும் ஒரே உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. அளந்து பார்த்தேன், சராசரியாக நான்கு அங்குலம். 600 சதுர அடியில் நான்கு அங்குலத் தண்ணீர் என்றால் ஐந்தரை டன்னுக்கு மேல் எடை. அந்த எடையைச் சுமந்துகொண்டு அந்தத் தளம் இரண்டு நாள் நின்றிருக்கிறது. சமையலறைக் கூரையின் பூச்சு ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்குப் பெயர்ந்து அடுப்பு மேடையில் கிடந்தது, கம்பி தெரிந்தது. மின்கம்பிக் குழாய்க்குள் தண்ணீர் இறங்கி இரண்டு சுவிட்ச் பெட்டிகள் கெட்டிருந்தன. முன்பக்கம் புது ஓடுகளின் கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஆனால் அந்த ஓடுகளின் மேல் விழுந்த மழை முழுவதும் 38 அடி நீள விளிம்பிலிருந்து தடையின்றிக் கொட்டி, மண்ணில் அரையடி ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, தெறித்த சேற்று நீரால் பக்கத்து வீட்டுச் சுவரின் காரையை இடுப்பளவுக்கு உதிர்த்திருந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அந்தச் சரிவின் பரப்பு 49 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 490 லிட்டர் அந்த ஒரே விளிம்பில் இறங்கும். இந்தக் கணக்கை நான் எப்போதோ படித்தவன்தான். அந்தப் பள்ளத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அது கணக்காகவே தெரிந்தது.

கோபத்தோடுதான் கொத்தனாரை வரச்சொன்னேன். "தார்சைச் சரி பண்ணச் சொன்னால் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்" என்று நான் குரலை உயர்த்த, அவர் முகம் சுருங்கி, "தார்சாவுல ஒரு பொட்டு ஒழுகுதா, நீங்களே சொல்லுங்க சார்" என்று திரும்பக் கேட்டார். இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம் என்று இருவருமே நம்பியதால் வாக்குவாதம் கால் மணி நேரம் நீண்டது. எதிர்வீட்டு ஆச்சி படியேறி வந்தார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். "தார்சாவுல எங்க தம்பி ஒழுகிச்சு? தட்டட்டியிலல்லா தண்ணி கட்டிக் கெடந்துச்சு" என்றார்கள். தட்டட்டி என்பது என்ன என்று நான் கேட்டதும், கொத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, விரலை மேலே நீட்டினார். அந்த விரல் செப்டம்பரிலேயே நீண்டிருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆச்சிதான் அன்று எனக்கு வாத்தியார். கைத்தடியால் ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொன்னார்கள். இது திண்ணை, இது தார்சா, இது ரெண்டாங்கட்டு, இது அடுக்களை, மேலே தட்டட்டி. "எறப்புத் தண்ணி இப்படி வடிஞ்சு வாறுகால்ல போயிரணும்" என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருடைய இறப்பு என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். கூரையின் தாழ்ந்த விளிம்புக்கு இறப்பு என்ற பெயர் பேரகராதியிலும் உண்டு. இறவாணம், இறவாரம் என்பவையும் அதற்கே வழங்குபவை. வாறுகால் என்றால் தெருவோரக் கழிவுநீர்க் கால்வாய். எங்கள் பக்கம் அதைச் சாக்கடை, சலதாரை என்போம். நான் சலதாரை என்றபோது ஆச்சிக்குப் புரியவில்லை.

அன்றிரவு முதல் இந்தச் சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன், பிறகு வெவ்வேறு ஊர் நண்பர்களையும் பிடித்துக்கொண்டு கேட்டேன். மேல்தளம் ஒன்றுக்கே எத்தனை பெயர் பாருங்கள்: சென்னையில் மொட்டை மாடி, எங்களுக்குத் தார்சு, நெல்லைப் பக்கம் தட்டட்டி, சிலர் வாயில் தட்டோடி, இன்னும் சில ஊர்களில் மச்சு. தஞ்சைக்கார நண்பர் மெத்தை என்கிறார். 'மெத்தையில் தண்ணீர் நிற்கிறது' என்று அவர் சொன்னால் மற்ற ஊர்க்காரர் படுக்கையை வெயிலில் காயப் போடச் சொல்வார். கன்னியாகுமரி மாவட்டத்து நண்பருக்குக் கான்கிரீட் தளம் போடுவது வார்ப்பு. தளத்தின் மேல் வெயிலுக்கும் மழைக்கும் பதிக்கும் தட்டையான செங்கல் ஓட்டுக்குத் தட்டோடு என்று பெயர் இருப்பதால், தட்டோடியில் தட்டோடு பதிப்பது பற்றித் தொலைபேசியில் பேசாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

நீரை ஏந்திச் செல்லும் அமைப்புக்கு நிலைமை இன்னும் மோசம். கேரள எல்லையில் பாத்தி. இலங்கைத் தமிழர்களுக்கு அது பீலி. அங்கே டெங்கு தடுப்பு அறிவிப்புகளில் கூரைப் பீலிகளில் நீர் தேங்கவிடாதீர்கள் என்று அச்சிடுகிறார்கள். இங்கே பீலி என்றால் பெரும்பாலோருக்கு மயிலிறகுதான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்தில் இதற்கென்று தனிப்பெயர் ஒன்றும் என் காதில் விழுந்ததில்லை, வெறும் தகரம் என்போம். ஒருவேளை மழை குறைந்த சீமை என்பதாலோ என்னவோ. இரண்டு கூரைச் சரிவுகள் உள்மூலையில் சந்திக்கும் பள்ளத்துக்குக் கூடுவாய் என்ற அழகான சொல் இருக்கிறது. நெடுநல்வாடையில் அரண்மனை முற்றத்து மழைநீர் வழியும் வாய்க்கு அம்பணம் என்று பெயர். அந்தச் சொல்லை நான் கொத்தனாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பதில் சொல்லாமல் சிமெண்ட் கலக்கப் போய்விட்டார்.

எழுதிக்கொண்டே வந்தபோது கவனித்த ஒன்று பிறகு மிகவும் உதவியது. வீட்டோடு பிறந்த உறுப்புகளுக்குத்தான் ஊருக்கு ஒரு பெயர். கடையில் வாங்கும் பொருளுக்கும் அரசாங்கம் கொண்டுவந்த பொருளுக்கும் எங்கும் ஒரே பெயர். நாலு அங்குல பிவிசி பைப், எல்போ, டீ, கிளாம்ப், ஜாலி என்றால் கோபியிலும் புரிகிறது, அம்பாசமுத்திரத்திலும் புரிகிறது. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊர் ஊராகச் சுவரில் எழுதினார்கள். அதனால் 'மழைநீர் சேகரிப்புத் தொட்டி' என்றால் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆகவே வெளியூர் வேலையாளிடம் பேசும்போது உறுப்பின் பெயரைச் சொல்வதைவிட, அதில் பொருத்த வேண்டிய சாமானின் பெயரைச் சொல்வது பாதுகாப்பு. "தார்சு ஓட்டை" என்று சொல்லாமல் "மேல்தளத்துத் தண்ணீர் இறங்குகிற பைப் வாய்" என்று நான் சொல்லியிருந்தால் தார்சாவின் ஒரு ஓடுகூட அசைந்திருக்காது. கொத்தனார்களின் சொற்களில் எல்லா ஊருக்கும் பொதுவாக எனக்குக் கிடைத்தது வாட்டம். தண்ணீர் ஓடுவதற்கான சரிவை அப்படிச் சொல்கிறார்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும்கூட எங்கள் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தன.

ஜனவரியில் வேலையை மீண்டும் தொடங்கியபோது நான் அங்கேயே தங்கிக்கொண்டேன். முதல் நாள் வேலை எதுவும் நடக்கவில்லை. சாக்பீஸால் வீட்டின் மேல் ஒன்று முதல் ஒன்பது வரை எண் எழுதினேன்: தளத்தின் கிழக்கு மூலைத் துளை ஒன்று, மறைக்கப்பட்ட துளை இரண்டு, வடக்குச் சரிவின் விளிம்பு மூன்று என்று, தண்ணீர் கடைசியாகப் போய்ச்சேரும் இடம் ஒன்பது வரை. கொத்தனார், தகர வேலைக்காரர், பிளம்பர் மூவரையும் கூட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்பதுக்குத் தண்ணீர் நடக்கிற வழியிலேயே நடந்தோம். அவரவர் சொல்லை அவரவர் வைத்துக்கொள்ளட்டும், என்னிடம் பேசும்போது மட்டும் எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். ஒரு வாளித் தண்ணீரை ஒன்றாம் எண்ணில் ஊற்றி, அது எங்கே தயங்குகிறது என்று மூவரும் பார்த்தார்கள். அதன் பிறகு அந்த வேலையில் ஒரு தப்புகூட நேரவில்லை. பின்னர் நான் ஊர் திரும்பிய நாட்களிலும் "மூணுல கிளாம்ப் அடிச்சாச்சு, அஞ்சுல எல்போ பத்தலை" என்று செய்தி வரும். எனக்கு வீடு கண்முன் நிற்கும்.

செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். தளத்தில் பழைய இரண்டு அங்குலத் துளைகளை விரித்து 110 மில்லிமீட்டர் குழாய் இரண்டு இறக்கினோம். ஒன்று அடைத்தாலும் மற்றொன்று வேலை செய்யும். கடையில் நாலு அங்குலம் என்று விற்கப்படுவதுதான் இந்த 110. அது வெளிவிட்டத்தின் அளவு. இவ்வகைக் குழாயில் ஏ, பி என்று இரண்டு தரம் உண்டு. மழைநீருக்கு ஏ தரமே போதும். கழிவறைக் குழாய்க்குரிய தடித்த பி தரத்தை விற்கப் பார்ப்பார்கள். தளத்துக்குப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் வைத்து மெழுகி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைக் கூராக விடாமல் சாந்தால் சாய்வாக அணைத்தோம். பிறகு குழாய் வாய்களை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிவைத்துக் கீழே ஈரம் வருகிறதா என்று பார்த்தோம். இந்தச் சோதனைக்கு முன் கடைசித் தவணையைக் கொடுத்துவிடக் கூடாது. மெழுகலுக்குக் கூலி சொல்லும்போது 'சதுரம்' என்பது 100 சதுர அடி; நான் முதலில் அதைச் சதுர அடி என்று நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன், அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பாத்திக்கு அதே செங்கோட்டைக்காரர்தான் வந்தார். பழைய விலைக்கு மாட்டேன் என்றார், நியாயம்தான். சாரம் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. 13,300க்கு முடிந்திருக்க வேண்டியது 17,100 ஆயிற்று. பத்தடிக்கு அரை அங்குலம் வாட்டம் வைத்து, இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் அடித்தார். ஓட்டின் நுனி பாத்திக்குள் இரண்டு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஓட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு சுவருக்குத் திரும்பும் என்று காட்டினார். முடித்துவிட்டு இறங்கும்போது, "செடி ஏதும் வைக்கணுமா சார்?" என்று கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

கணக்கு இதுதான்: தேவையில்லாமல் தார்சாவுக்குப் போனது 23,400, சமையலறைப் பூச்சுக்கும் மின் வேலைக்கும் 14,800, பாத்தியில் கூடுதல் 3,800, பக்கத்து வீட்டுச் சுவருக்கு 6,500, போக்குவரத்து 7,200. தார்சாவுக்கு எப்படியும் இன்னும் சில ஆண்டுகளில் ஓடு மாற்றியிருக்க வேண்டும் என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அதனால் அந்தத் தொகையைக் கணக்கில் பாதியாக எழுதலாமா என்று யோசித்து, முழுதாகவே விட்டுவிட்டேன். தளத்துக்கும் குழாய்க்கும் ஆன செலவை இதில் சேர்க்கவில்லை, அது எப்படியும் செய்திருக்க வேண்டிய வேலை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைப் பூசிக் கொடுத்த பிறகும் தலையை மட்டும்தான் ஆட்டுகிறார்.

ஜூனில் சாரல் தொடங்கியதும் கொத்தனார் அழைத்தார். "சார், தண்ணி தட்டுப்படுது. வேப்பிலையா விழுந்து கெடக்கு. ஆளு விட்டு எடுத்துரவா?" எங்கே என்று கேட்டேன். தட்டட்டி என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டு, "ரெண்டு சார்" என்றார். குறிப்பேட்டைப் பார்த்து, அது குளியலறைப் பக்கத்துக் குழாய் வாய்தானே என்று உறுதி செய்துகொண்டு, எடுக்கச் சொன்னேன். எடுப்பதற்கு முன்னும் பின்னும் படம் வந்தது.